கண்டிப் பாடசாலைகளின் முதல் றகர் பந்தாட்டம்

அக்குறணையிலிருந்து மாத்தளை வீதியில் தெற்கே சென்று, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைத் தாண்டினால் கண்டி மாநகர். பாடசாலை மாணவர் விளையாடும் றகர் பந்தாட்டம் இலங்கையில் வேரூன்றியது இந்நகரிலேயாம். அவ்வரலாற்றை எம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று.

1879இல் கொழும்பிலே ஆங்கிலேயர் தமக்கெனப் பந்தாட்டக் கழகம் அமைத்தனர். அது துரைமார் ஆட்டம்; நம்மவர்க்கு அங்கே இடமில்லை. பாடசாலைக்கு அதனைக் கொணர்ந்தவர் லூயிஸ் எட்மன்ட் பிளேஸ் என்னும் பறங்கியப் பெரியார். கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்று, இந்தியாவில் ஆசிரியராயிருந்து மீண்ட அவர், 1891 மே 4ஆந் திகதி ஆண்கள் உயர்தரப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். முதல்நாள் வந்த மாணவர் பதினொருவர். றகருக்கோ ஒரு பக்கத்துக்குப் பதினைவர் வேண்டும்! ஆயினும் அவ்வாண்டிலேயே மாணவர் கையிற் பந்தைக் கொடுத்துவிட்டார். துணிவென்பதா, பிடிவாதமென்பதா? இரண்டுமென்றே எமக்குத் தோன்றுகிறது.

கிங்ஸ்வூட் கல்லூரியெனப் பின்னர் பெயர்பெற்ற அப்பாடசாலைக்கு எதிராக விளையாடப் பதினைந்து ஆண்டுகளாக வேறொரு பாடசாலை முன்வரவில்லை. எதிரியில்லாத ஆட்டத்தை எத்தனை பருவந்தான் ஆடுவது? மாணவர் வந்தனர், போயினர். பயிற்சி மட்டும் நிற்கவில்லை.

1906இல் எதிரணி கிடைத்தது. அது பிளேஸ் அவர்கள் தாம் பயின்ற திரித்துவக் கல்லூரியே. 1872இல் தோன்றிய பெரிய கல்லூரி அது. அப்போது அதன் அதிபர் பிரேசர் பாதிரியார். பழைய மாணவர் வளர்த்த அணி தாய்க்கல்லூரியை எதிர்த்து நின்றது. இலங்கையிற் பாடசாலைகளிடை நடந்த முதல் றகர் ஆட்டம் அதுவே. ஆறுக்கு ஆறு என வெற்றிதோல்வியின்றி முடிந்தது. எதிரணியின் கோட்டுக்கப்பால் பந்தை நிலத்தில் வைத்தால் இன்று ஐந்து புள்ளி, அன்று மூன்றே. அக்காலக் கணக்கின்படி ஆறு புள்ளியென்றால், ஒவ்வோரணியும் இருமுறை மும்மூன்றாகப் பெற்றிருத்தல் வேண்டும். சிறிய பாடசாலை தலைகுனியவில்லை.

1925இல் கிங்ஸ்வூட் இன்றுள்ள ராண்டல்ஸ் குன்றுக்குப் பெயர்ந்தது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவத்துக்குமிடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கியது. ஓராட்டம் கண்டியில், மற்றையது கொழும்பில். இரண்டின் புள்ளிகளையுங் கூட்டியே வெற்றி காண்பர். 1861இற் பிறந்த பிளேஸ் அவர்கள் அப்போதும் உயிருடனிருந்தார், 1951இல் மறைந்தார்.