மாதம் இருபது முறைதான் வெட்டலாம்!

ஒரு கத்தரிக்கோல் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விலை கொடுத்து, பில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். ஒரு வருஷம் கழித்துக் கடைக்காரர் கடிதம் போடுகிறார். 'அன்பரே, அடுத்த மாதத்திலிருந்து இந்தக் கத்தரியால் மாதம் இருபது புது டிசைன்தான் வெட்டலாம். அதற்கு மேல் வெட்ட வேண்டுமென்றால் மாதச் சந்தா கட்டவும்.'

என்ன செய்வீர்கள்? கத்தரியோடு கடைக்கே போய்விடுவீர்கள் இல்லையா?

2021 மார்ச் மாதம் அமெரிக்காவில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. கத்தரிக்கோல் அல்ல, மின்சாரத்தில் ஓடும் காகிதம் வெட்டும் இயந்திரம். கிரிக்கட் என்று பெயர். நம் ஊர் விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாழ்த்து அட்டை செய்கிறவர்கள், போட்டோ ஆல்பத்தை அலங்கரிக்கிறவர்கள், ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வண்ணம் தீட்டுகிறவர்கள் ஆசை ஆசையாக வாங்கி வைத்த இயந்திரம். பரமசாதுக்கள். அவர்கள்தான் அன்றைக்குக் கொதித்து எழுந்தார்கள்.

அந்தக் கலவரத்துக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். ஏனென்றால் இந்தக் கதை ஒரு பைஜாமாவில் தொடங்குகிறது.

ஜோசப் கெர்பர் 1924-ல் வியன்னாவில் பிறந்தவர். யூதர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் குடும்பம் சிதறியது. அப்பா நாஜிகளுக்குப் பலியானார். பையன் அம்மாவோடு தப்பி 1940-ல் அமெரிக்கா வந்து சேர்ந்தான். புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தான். அப்படியே முட்டி மோதி எஞ்சினீயரிங் காலேஜுக்குள்ளும் நுழைந்துவிட்டான்.

அங்கே ஒரு நாள் வீட்டுப்பாடம். வரைபடத்தில் உள்ள வளைவுகளை அளந்து, ஒரு விகிதத்திலிருந்து இன்னொரு விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கணக்கு. வெறுத்துப்போனவன் சட்டென்று தன் பைஜாமாவிலிருந்து எலாஸ்டிக்கை உருவினான். அதில் சம இடைவெளியில் கோடு கோடாகக் குறித்தான். இழுத்தால் எல்லாக் கோடும் சேர்ந்தாற்போல் விலகும். விட்டால் சேர்ந்தாற்போல் நெருங்கும். நீளும் ஸ்கேல்!

அந்த எலாஸ்டிக்கை வைத்து 1948-ல் ஒரு கம்பெனியே ஆரம்பித்துவிட்டார் மனிதர். பிறகு அளப்பதிலிருந்து வரைவதற்கு, வரைவதிலிருந்து வெட்டுவதற்கு என்று நகர்ந்துகொண்டே இருந்தார். 1960-களின் இறுதியில், அடுக்கி வைத்த துணியைக் கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். ரெடிமேட் ஆடைத் தொழிலே தலைகீழானது. 1994-ல் அமெரிக்க அரசு அவருக்கு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்து கௌரவித்தது.

நமக்கு வேண்டியது அவர் கம்பெனியின் இன்னொரு சரக்கு. 1980-களின் ஆரம்பத்தில் வந்த சைன்மேக்கர். கடை போர்டு எழுதுகிறவர்களுக்கான இயந்திரம் இது. எழுத்தைத் தட்டினால் பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் கச்சிதமாக வெட்டிக் கொடுத்துவிடும். பிரஷ் வேண்டாம், பெயின்ட் வேண்டாம், பல வருஷப் பயிற்சியும் வேண்டாம். அமெரிக்காவில் கையால் போர்டு எழுதிப் பிழைத்த பல பேர் வேறு வேலை தேடிப் போனார்கள். நம் ஊரில் பைக் நம்பர் பிளேட்டுக்கு 'ரேடியம் கட்டிங்' செய்து தருகிறார்களே, அந்தக் கடையில் கிர்ர், கிர்ர் என்று ஓடிக்கொண்டிருப்பது இந்த வம்சத்தின் வாரிசுதான்.

சைன்மேக்கரில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எழுத்துருக்கள் தனித்தனிக் கார்ட்ரிட்ஜாக விற்கப்பட்டன. புது எழுத்து வேண்டுமா? புது கார்ட்ரிட்ஜ் வாங்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது ரொம்ப எளிமை. 1959-ல் கால்காம்ப் என்ற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டர் சொல்வதை வரையும் பிளாட்டர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளை சுழல, காகிதம் முன்னும் பின்னும் போகும். பேனா இடமும் வலமும் போகும். இரண்டு அசைவும் ஒன்று சேர்ந்தால் எந்த வளைவையும் போட்டுவிடலாம். பேனாவைக் கழற்றிவிட்டுக் குட்டியாக ஒரு கத்தியை மாட்டுங்கள். அவ்வளவுதான், வெட்டும் இயந்திரம் தயார். காகிதம் நழுவாமலிருக்க, பசையுள்ள ஒரு பாயில் ஒட்டி உள்ளே அனுப்புகிறார்கள். சூட்சுமம் முழுக்க அந்தக் கத்தி முனையில். எந்தப் பக்கம் இழுக்கிறார்களோ அந்தப் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி.

சரி, ஃபாக்டரியில் இருந்த இந்தச் சமாசாரம் வீட்டு ஹாலுக்கு எப்படி வந்தது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். மார்மன் கிறிஸ்தவர்கள் நிறைந்த பகுதி. குடும்ப வரலாற்றைப் பதிந்து வைப்பது அவர்களுக்குக் கிட்டத்தட்ட மதக் கடமை. தாத்தாவுக்குத் தாத்தா யார் என்பது வரைக்கும் தேடி எழுதி வைப்பார்கள். அங்கே ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த மேரிலன் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, தன் குடும்பத்துப் படங்களையும் குறிப்புகளையும் அழகாக ஒட்டி, எழுதி, அலங்கரித்து ஆல்பங்களாகச் செய்துவந்தார். 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் ஆவணப் பாதுகாப்பு பற்றி ஓர் உலக மாநாடு. அம்மணி தன் ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒன்றிரண்டு அல்ல, 50! பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். 'இந்தப் பேப்பரெல்லாம் எங்கே கிடைக்கும்?' அடுத்த வருஷமே கடை திறந்துவிட்டார்.

ஸ்க்ராப்புக்கிங் என்ற பொழுதுபோக்கு ஒரு பெரிய தொழிலாக மாறியதன் தொடக்கம் இது. ஒரு பக்கத்துக்கு 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம் என்று அளவெல்லாம் ஊன்றிவிட்டது. அலங்காரத்துக்குப் பூ வேண்டும், எழுத்து வேண்டும், நட்சத்திரம் வேண்டும். கையால் வெட்டினால் விரல் போய்விடும். இரும்பு அச்சை வைத்து அழுத்தி வெட்டும் கருவிகள் வந்தன. ஆனால் ஒரு அச்சுக்கு ஒரே உருவம், ஒரே அளவு. ஏ முதல் இஸட் வரை வேண்டுமென்றால் 26 அச்சு.

அதே யூட்டாவில் 1960-களில் சின்ன கைவினைக் கடையாகத் தொடங்கிய ப்ரோவோ கிராஃப்ட் இங்கேதான் புகுந்தது. 2006-ல் கிரிக்கட் வந்தது. கம்ப்யூட்டர் தேவையில்லை. ஒரு கார்ட்ரிட்ஜைச் சொருகி, பட்டனைத் தட்டி, அளவைச் சொன்னால் வெட்டித் தரும். கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்குகிறவர்கள்கூட பயமில்லாமல் தொட்டார்கள். முதல் மாடலில் 6 அங்குல அகலத்துக்கு மேல் வெட்ட முடியாது என்பதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார்ட்ரிட்ஜ்! சைன்மேக்கர் ஞாபகம் வருகிறதா?

நான் பி.காம். படித்த காலத்தில் ரேஸரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி என்று ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்கு ஐந்து மார்க். அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது, வீட்டுக்கு ஒரு பிரிண்டர் வாங்கி மூன்றாவது தடவை இங்க் மாற்றியபோதுதான். பிரிண்டர் விலையை இங்க் விலை தாண்டிப் போயிருந்தது. கிரிக்கட் கதையும் அதேதான். ஒரு கார்ட்ரிட்ஜ் ஏறக்குறைய 60 முதல் 90 டாலர். பத்து வாங்கினால் இயந்திரத்தைவிடப் பெரிய செலவு. வாங்கினார்கள். அலமாரி நிறைய அடுக்கினார்கள்.

ஆனாலும் மனித மனம் சும்மா இருக்குமா? 'என் பேத்தி வரைந்த யானையை வெட்ட வேண்டும். அதற்கு எந்தக் கார்ட்ரிட்ஜ்?' பதில் இல்லை. கம்பெனி வரையாத யானையை வெட்ட இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. கத்தியால் முடியும். கம்பெனிக்கு மனசில்லை.

வழி கண்டுபிடித்தார்கள் வெளி ஆள்கள். ஷ்யூர் கட்ஸ் எ லாட், மேக் த கட் என்று இரண்டு மென்பொருள்கள். கம்ப்யூட்டரோடு கிரிக்கட்டை இணைத்தால், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த எழுத்தையும், நீங்கள் வரைந்த எந்தப் படத்தையும் வெட்டலாம். யானை வெட்டுப்பட்டது! கூடவே கார்ட்ரிட்ஜ் வியாபாரமும். கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 2010-ல் ஒரு மென்பொருள் மீது வழக்கு. 2011 ஜனவரியில் இன்னொன்றின் மீது. இரண்டுமே சமரசத்தில் முடிந்தன. எப்படி? இரண்டு மென்பொருளும் கிரிக்கட்டைக் கைவிட்டன. மற்ற இயந்திரங்களோடு வேலை செய்யும், இதோடு மட்டும் செய்யாது. சொந்தப் படத்தை வெட்டலாம் என்று நம்பி வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

மற்ற இயந்திரங்கள் என்றேனே, அதில் முக்கியமானது ஸில்ஹூவெட். ஜப்பானின் கிராஃப்டெக் கம்பெனியின் வாரிசு. பிளாட்டர் செய்தே பழம் தின்று கொட்டை போட்டவர்கள். பெயரே ஒரு தமாஷ். 1759-ல் பிரான்ஸின் நிதி நிர்வாகத்தைக் கொஞ்ச மாதங்கள் பார்த்த எத்தியேன் த ஸில்ஹூவெட், பணக்காரர்களுக்கும் வரி போட்டு, சிக்கனம் சிக்கனம் என்று உயிரை வாங்கியவர். கறுப்புக் காகிதத்தில் வெட்டிய மலிவான நிழலுருவத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்த இயந்திரத்தில் கார்ட்ரிட்ஜ் கிடையாது. ஆரம்பத்திலிருந்தே கம்ப்யூட்டர்தான். சொந்தப் படம் தாராளமாக. இவர்களும் தர்மசத்திரம் நடத்தவில்லை. சில வகைக் கோப்புகளைத் திறக்க மென்பொருளின் மேல் வகுப்புப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆனால் ஒருமுறை கொடுத்தால் போதும்.

2013-ல் ப்ரதர் கம்பெனி ஸ்கேன்-என்-கட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரப்பர் ஸ்டாம்ப் பிரியர்களுக்கு வரப்பிரசாதம். அவர்கள் பிரச்னை தனி. பூவை ஸ்டாம்ப் குத்தியாகிவிட்டது, வண்ணமும் தீட்டியாகிவிட்டது. அதன் ஓரமாகவே வெட்ட வேண்டும். காகிதத்தில் பூ எங்கே இருக்கிறதென்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? இந்த இயந்திரத்துக்குள்ளேயே ஸ்கேனர் உண்டு. பார்த்துவிட்டு வெட்டும். கம்ப்யூட்டர்கூட வேண்டாம்.

போட்டி நெருக்கியதும் கிரிக்கட்டும் மாறியது. 2012-ல் அஷீஷ் அரோரா தலைமைக்கு வந்தார். 2014-ல் எக்ஸ்ப்ளோர் என்ற புது மாடல். கார்ட்ரிட்ஜ் கட்டாயமில்லை, உங்கள் படத்தை இலவசமாக ஏற்றலாம் என்றார்கள். கூட்டம் அலைமோதியது. 2018-ல் கம்பெனி தன் பெயரையே கிரிக்கட் என்று மாற்றிக்கொண்டது. கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது இவர்கள் காட்டில் மழை. 2019-ல் 48 கோடி டாலரைத் தாண்டியிருந்த விற்பனை, 2020-ல் சுமார் 96 கோடி டாலர்!

ஆனால் ஒரு நூல் கம்பெனியின் கையிலேயே இருந்தது. படம் உங்களுடையதுதான். அதை இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் கம்பெனியின் மென்பொருளுக்குள் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். வேறு வழி வைக்கவில்லை.

இப்போது 2021 மார்ச்சுக்கு வந்துவிட்டோம். பங்குச் சந்தையில் நுழையத் தயாராகிக்கொண்டிருந்த கம்பெனி அறிவித்தது. இனி மாதம் 20 படங்கள்தான் இலவசமாக ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா. மாதம் ஏறக்குறைய 10 டாலர்.

வெடித்தது. எதிர்ப்பு மனுவில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கும்போது இல்லாத நிபந்தனை வாங்கிய பிறகு எப்படி முளைக்கும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. கம்பெனி முதலில் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விலக்கு என்று இறங்கிவந்தது. அடங்கவில்லை. ஒரே வாரத்தில் முழுசாக வாபஸ். தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். அடுத்த வாரம், மார்ச் 25-ம் தேதி, பங்கு ஒன்றுக்கு 20 டாலர் விலையில் கிரிக்கட் சந்தைக்கு வந்தது.

சாதுக்கள் ஜெயித்தார்கள். சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வாபஸ் வாங்கியது கம்பெனியின் முடிவுதானே தவிர, வாங்கியவரின் உரிமை அல்ல. பூட்டு அவர்களிடம். சாவியும் அவர்களிடம். திறந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்களே ஒன்று வாங்கப் போகிறீர்களா? கத்தி எவ்வளவு அழுத்தும், எவ்வளவு வேகம் என்றெல்லாம் கடைக்காரர் அடுக்குவார். கேட்டுக்கொள்ளுங்கள். 12 அங்குலக் காகிதம் உள்ளே போகுமா என்று அளந்து பாருங்கள். ஸ்டாம்ப் குத்தியதைப் பார்த்து வெட்டுமா என்று செய்து காட்டச் சொல்லுங்கள். கத்தியும் பாயும் தேயும். அவை என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. 'நாளைக்கு இந்தக் கம்பெனி மனசு மாறினாலும், அல்லது கம்பெனியே இல்லாமல் போனாலும், இந்த இயந்திரம் என் வீட்டு யானையை வெட்டுமா?'

கடைக்காரர் தலையைச் சொறிந்தால் சிரித்துக்கொண்டே விடைபெறுங்கள். போகிற வழியில் ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு யாரும் சந்தா கேட்பதில்லை. இதுவரைக்கும்.