ரத்தம் சொன்ன வரலாறு – 9: அரை மாத்திரை

1948 ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அந்த மனிதரின் குழு, லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய மருந்தின் நெருங்கிய உறவுதான் மெத்தோட்ரெக்சேட். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு இன்றும் அதை வாரம் ஒருமுறை கொடுக்கிறார்கள். கூடவே தினமும் இரவில் இன்னொரு மாத்திரை: 1951இல் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் கண்டெடுத்த 6-மெர்காப்டோப்யூரின்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். சித்தூரில் பஸ் ஏறினால் வேலூர் சி.எம்.சி. பக்கம்தான். திருப்பதிக்காரர்கள் காட்பாடிக்கு ரயிலில் வருவார்கள். இப்போது அவர்கள் ஊரிலேயே ஸ்விம்ஸ் மருத்துவமனையும், 2022இல் அலிபிரி அருகே திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே காட்டினாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான். ஏறக்குறைய இரண்டு வருடம், வீட்டில், மாத்திரை. 50 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக உடைத்து ஒரு நாள் அரை, மறுநாள் முழுசு என்று காலண்டரில் குறித்து வைக்கும் அம்மாக்கள் உண்டு.

ஒரே உயரம், ஒரே எடை, ஒரே அளவு மருந்து. ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போய் வருகிறது. இன்னொன்றுக்கு வெள்ளையணு கவுண்ட் சரசரவென்று இறங்கி, காய்ச்சல் கண்டு, வார்டில் சேர்க்க வேண்டியதாகிறது. என்ன சாப்பாடு கொடுத்தோம், என்ன பாவம் செய்தோம் என்று குடும்பமே குமைகிறது. அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

காரணத்தின் முதல் நுனி 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அகப்பட்டது. ரிச்சர்ட் வைன்ஷில்பாம் 298 பேரின் சிவப்பணுக்களில் டிபிஎம்டி என்ற நொதியை அளந்தார். மெர்காப்டோப்யூரினைச் செயலிழக்கச் செய்வது அந்த நொதிதான். பெரும்பாலோருக்கு நிறைய இருந்தது. சுமார் 11 சதவீதத்தினருக்குப் பாதி. ஒருவருக்கு இல்லவே இல்லை! அந்த நொதிக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. இரண்டும் பழுதானால் வழக்கமான அளவே எலும்பு மஜ்ஜையை அழித்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வாரம் மூன்று நாள் கொடுத்தால் போதும். புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை; மருந்தைத் தாங்கும் விதம் பரம்பரையாக வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நொதி மும்முரமாக இருந்தால் மருந்து சீக்கிரமே வீணாகும். 1990இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லெனார்டும் லில்லிமனும் அதைக் காட்டினார்கள்: சிவப்பணுக்களில் மருந்தின் வீரியப் பொருள் குறைவாகச் சேர்ந்த குழந்தைகளுக்கு நோய் அதிகம் திரும்பியது. கவுண்ட் இறங்கவே இல்லையே என்று நிம்மதிப்படுவதும் ஆபத்தாகலாம் என்பது என்னை இன்றும் உலுக்கும் செய்தி.

ஆக, டிபிஎம்டியைச் சோதித்தால் தீர்ந்தது என்று மேற்கத்திய மருத்துவர்கள் நம்பினார்கள். ஆசியாவில் கணக்கு இடித்தது. இங்கே அந்தப் பழுது அபூர்வம். சோதனையில் டிபிஎம்டி நன்றாகவே இருந்த குழந்தைகளுக்கும் கவுண்ட் அதலபாதாளத்துக்கு இறங்கியது. அப்படியானால் இன்னொரு மரபணு ஒளிந்திருக்க வேண்டும்.

2014இல் கொரியாவில் அது பிடிபட்டது. பிடித்தவர்கள் ரத்தப் புற்றுநோய் மருத்துவர்களே அல்லர். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது இதே குடும்பத்து மருந்தைச் சாப்பிடும் குடல்நோயாளிகளின் வெள்ளையணு கவுண்ட் ஏன் சரசரவென்று இறங்குகிறது என்பதை.

(அடுத்த வாரம்)