கட்டுநாயக்கவில் எந்நாளும் 'ஆட்கள் தேவை': வெற்றிடங்களையும் வேலையற்றோர் வீதத்தையும் எப்படி வாசிப்பது?

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு, அனுபவம் தேவையில்லை என்ற விளம்பரத்தை வன்னியில் காணாதவர்கள் குறைவு. இன்னொரு பக்கம், நாட்டின் வேலையற்றோர் வீதம் நான்கு அல்லது ஐந்து சதவீதம்தான் என்று அரசாங்கம் சொல்கிறது. இந்த இரண்டையும் நம்பினால், வேலையில்லாமல் வீட்டில் இருக்கின்ற பிள்ளைக்குத்தான் ஏதோ குறை என்றாகிவிடும். ஊரிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் வெற்றிடம் எப்படி உருவாகிறது, வீதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்த்தால் கதை வேறு.

கட்டுநாயக்க இலங்கையின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம். திறந்த பொருளாதாரக் கொள்கையோடு 1978இல் பெருங்கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவின் கீழ் தொடங்கப்பட்டது. அந்த ஆணைக்குழுவே 1992இல் முதலீட்டுச் சபையாக மாறியது. பியகம, கொக்கல வலயங்கள் பின்னர் வந்தவை. ஆடைத் தொழில்தான் இங்கே முதுகெலும்பு. கிராமங்களிலிருந்து வந்து போர்டிங்குகளில் தங்கியிருக்கும் இளம் பெண்களே அதன் உழைப்பு. நீண்ட காலமாக இவர்களில் பெரும்பாலானோர் சிங்களக் கிராமத்துப் பெண்கள். 2009க்குப் பிறகு வடக்கு, கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள்.

அங்கே வெற்றிடம் இருப்பது உண்மை. ஆனால் புதிதாக உருவான வேலைகளை விட, ஒருத்தி விட்டுப்போன தையல் இயந்திரத்துக்கு இன்னொருத்தியைத் தேடுவதே அதிகம். மணிக்கணக்கு ரார்கெட், நின்றபடி வேலை, ஒரு நாள் வராவிட்டால் வெட்டப்படுகின்ற வரவுக் கொடுப்பனவு, போர்டிங் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்ந்து சில மாதங்களிலோ சில வருடங்களிலோ ஆட்களை வெளியே தள்ளிவிடுகின்றன. கலியாணமானதும் விலகுவோரும் பலர். ஆகவே ஒரு தொழிற்சாலை வருடம் முழுவதும் ஆள் தேடுகிறது என்றால், அது வளர்கிறது என்பதற்கு மட்டுமல்ல, அங்கே ஆட்கள் தங்குவதில்லை என்பதற்கும் அடையாளமாக இருக்கலாம். விளம்பரத்தைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. அங்கே ஏற்கெனவே வேலை செய்கின்ற ஊர்ப் பிள்ளையிடம், "உன்னோடு சேர்ந்த பத்துப் பேரில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

இனி வீதத்துக்கு வருவோம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் தொழிற்படை ஆய்வில், குறித்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் வேலையுள்ளவர். குடும்பத்தின் தோட்டத்திலோ கடையிலோ சம்பளமில்லாமல் உதவி செய்பவரும் வேலையுள்ளவரே. வேலையற்றவர் என்று எழுதப்பட வேண்டுமானால் வேலை இல்லாதிருப்பது போதாது. கடந்த நான்கு வாரங்களுக்குள் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் உடனே போகத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடிக் களைத்து விட்டவர், சின்னப் பிள்ளைகளை விட்டுப் போக முடியாத தாய் ஆகியோர் தொழிற்படைக்கு வெளியே நிற்பவர்கள். நாட்டில் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மட்டுமே தொழிற்படைக்குள் இருக்கிறார். மற்றவர்கள் அந்தச் சதவீதக் கணக்கில் எந்தப் பக்கமும் இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு மறைக்கக்கூடியது என்பதற்கு 2022 நல்ல உதாரணம். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடத்தில் வேலையற்றோர் வீதம் 4.7. அதற்கு முந்திய வருடம் 5.1. நாடு வங்குரோத்தான வருடத்தில் வீதம் இறங்கியிருக்கிறது! சேமிப்பில்லாத குடும்பம் வேலையில்லாமல் இருக்க முடியாது. கிடைத்த கூலியைச் செய்யும், உடனே வேலையுள்ளோர் பட்டியலில் ஏறிவிடும். கணவனை இழந்து, நாட்கூலிக்குப் போய், பின்னேரம் அப்பம் சுட்டு விற்கின்ற ஒரு முல்லைத்தீவுப் பெண் இந்தக் கணக்கில் முழுதாக வேலையுள்ளவர்.

எங்கள் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தின் பெரும்பாலான வருடங்களில் இந்த ஆய்வு வடக்கு, கிழக்கில் நடத்தப்படவே இல்லை. எல்லா மாவட்டங்களையும் தொடர்ச்சியாக உள்ளடக்கியது 2011 முதல்தான். அதற்கு முந்திய வருடங்களின் 'தேசிய' வீதம் என்று எடுத்துக்காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை நாங்கள் இல்லாத தேசத்தின் வீதம். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோனபோது வேலையிழந்தவர்களை அந்தக் கணக்கில் தேட முடியாது.

போருக்குப் பின் கிளிநொச்சி, வவுனியா போன்ற இடங்களுக்கே ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. போர்டிங் செலவு இல்லை, பின்னேரம் வீட்டுக்கு வரலாம் என்பது சிறிய விடயமல்ல. ஆனால் ரார்கெட்டும் வரவுக் கொடுப்பனவும் இங்கேயும் அதேதான். சீமெந்து ஆலை கொடுத்ததைப் போல ஒரு ஆணின் சம்பளத்தில் குடும்பம் நிமிரும் வேலை இன்னும் வரவில்லை.

போவதென்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது, சேர்வது கொம்பனியிலா, மேன்பவர் முகவரிடமா என்பதை. மேன்பவரில் கையில் கிடைக்கும் நாட்சம்பளம் சில வேளை கூடுதலாகத் தெரியும். ஆனால் 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது முதலில் கைவிடப்பட்டவர்கள் அவர்கள்தான். நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். விளங்காத மொழியில் இருந்தால் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000. விளம்பரத்தில் போடுகின்ற பெரிய தொகையில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, மேலதிக நேரமும் வரவுக் கொடுப்பனவும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் வெட்டப்படும், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3 சதவீதம் முழுவதும் முதலாளியுடையது, அதைச் சம்பளத்தில் வெட்ட முடியாது. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. நான்கரை வருடத்தில் களைத்து ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் அந்த ஆறு மாதத்தையும் கணக்குப் பாருங்கள். வலயத்துக்குள் நாட்டின் தொழிற்சட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் அது பொய். முறைப்பாட்டை எந்தத் தொழில் அலுவலகத்திலும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். சம்பளச் சீட்டுகளை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் அங்கே பேச்சு சுருக்கமாக முடியும்.