லேப்டாப் ஆன் செய்ததும் சரியான பாஸ்வேர்டையே 'தவறு' என்கிறதா? கீபோர்டு லேஅவுட் காரணமாக இருக்கலாம்!

போடி ஏலக்காய் வியாபாரக் கணக்கோ, கம்பம் திராட்சைத் தோட்டக் கணக்கோ, லேப்டாப் தொலைந்தாலும் தகவல் வெளியே போகாமல் இருக்க டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து பூட்டலாம். ஆனால், ஆன் செய்ததும் கேட்கும் பாஸ்வேர்டைச் சரியாக அடித்தும் பூட்டு திறக்கலைன்னா?

ஏன் இப்படி?

எந்த பட்டன் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே கீபோர்டு சொல்லும். அது எந்த எழுத்து என முடிவு செய்வது சிஸ்டத்தில் உள்ள லேஅவுட். உதாரணமாக, தமிழ்99 லேஅவுட்டில் 'ஹெச்' பட்டன் 'க' ஆகிவிடும். டிஸ்க் திறக்கும் முன் உங்கள் செட்டிங்ஸ் எதுவும் வேலைக்கு வராது. விண்டோஸின் பிட்லாக்கர் அந்தத் திரையில் அமெரிக்க ஆங்கில லேஅவுட்டையே எடுத்துக்கொள்ளும்.

என்ன செய்யலாம்?

* முதலில் கேப்ஸ் லாக், நம் லாக் பாருங்கள்.
* பிரிட்டனில் வாங்கிய லேப்டாப்பா? பாஸ்வேர்டில் @ இருந்தால் ஷிஃப்ட்டுடன் 2-ஐ அழுத்திப் பாருங்கள். அமெரிக்க லேஅவுட்டில் @ அங்கேதான் இருக்கும்.
* புதிதாக வைக்கும்போது குறியீடுகளைத் தவிர்த்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்களை வைத்து நீளமாக அமைக்கலாம்.
* லினக்ஸில் லேஅவுட்டை மாற்றினால் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற தொடக்க ஃபைலையும் புதுப்பிக்கணும். இல்லைன்னா பூட்டுத் திரையில் பழைய லேஅவுட்டே தொடரும்.
* பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

பதறிப்போய் ஃபார்மேட் செய்ய வேண்டாம். லேப்டாப் திரும்பவும் ஓடும். கணக்கு திரும்ப வராது. பாஸ்வேர்டும் ரெக்கவரி கீயும் இரண்டுமே இல்லையென்றால், தேனியில் உள்ள சர்வீஸ் கடை மட்டுமல்ல, மைக்ரோசாஃப்ட்டே நினைத்தாலும் திறக்க முடியாது.