உலோகத்துக்குள் இழை: விண்வெளி மீள்கப்பலின் போரான்-அலுமினியக் குழாய்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு வாஷிங்டனுக்கு அருகே உட்வர்-ஹேஸி காட்சியகத்தில் 'டிஸ்கவரி' விண்வெளி மீள்கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான் காண விரும்பிய பொருள் மட்டும் கண்ணில் படவில்லை! மீள்கப்பலின் நடுவுடலில், வெளித்தகட்டுக்கு உள்ளே, சட்டங்களைத் தாங்கும் 240-க்கும் மேற்பட்ட குழாய்கள் அவை. மாணவப் பருவத்தில் இழை வலுவூட்டிய உலோகத்துக்கு நான் படித்த முதல் உதாரணமும் அவைதாம்.

அலுமினியம் இலேசானது, ஆனால் விறைப்புக் குறைந்தது. போரான் இழை மிகுந்த விறைப்புடையது. ஆனால் நொறுங்கக் கூடியது. இரண்டும் சேரும்போது சுமையின் பெரும்பங்கை இழைகள் தாங்குகின்றன. உலோகம் அவற்றைப் பிடித்து வைத்து, ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குச் சுமையைக் கைமாற்றுகிறது.

தயாரிப்பு முறை எளிதன்று. தலைமுடியை விட மெல்லிய டங்ஸ்டன் கம்பியை 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, போரான் டிரைகுளோரைடு, ஹைட்ரஜன் வாயுக்களின் ஊடே இழுப்பார்கள். கம்பியின் மீது போரான் படிந்து, சுமார் 0.14 மி.மீ. தடிப்புள்ள இழையாகும். இவ்விழைகளை ஒரே திசையில் அலுமினியத் தாள்களுக்கு இடையே அடுக்கி, ஏறக்குறைய 500 டிகிரி வெப்பத்தில் அழுத்தினால், அலுமினியம் உருகாமலே ஒன்றோடொன்று ஊடுருவிப் பிணைகிறது.

உருக்கி ஊற்றினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். உருகிய அலுமினியம் போரானுடன் வினை புரிந்து, இழையின் மேற்பரப்பில் நொறுங்கும் போரைடுகளை உண்டாக்கும், இழை வலுவிழக்கும். சூடு குறைந்தால் தாள்கள் ஒட்டமாட்டா. மிஞ்சினால் இழை கெட்டுவிடும். பிணைக்கின்ற வெப்பமே அழிக்கவும் வல்லது!

இத்தனை பாடுபட்டுக் கிடைத்த இலாபம், மீள்கப்பல் ஒன்றுக்குச் சுமார் 145 கிலோகிராம் எடைக் குறைப்பு. விண்வெளிக்கு அது பெரிய தொகை. தரைக்கு இம்முறை கட்டுப்படியாகாது. ஆகவே 1983-இல் டொயோட்டா நிறுவனம் வேறு வழியில் சென்றது. உருகிய அலுமினியத்தைத் தாங்கும் குட்டையான பீங்கான் இழைகளை அச்சுக்குள் வைத்து, உலோகத்தை அழுத்தி ஊடுருவச் செய்து, டீசல் எஞ்சின் பிஸ்டன்களைப் பெருமளவில் வார்த்தது.

1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆன்டெனாவைத் தாங்கும் 3.6 மீட்டர் தண்டு, கார்பன் இழை பொதிந்த அலுமினியம். வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிச் சுற்றினாலும் அதன் நீளம் மிகச் சிறிதே மாறும். உலோகமாதலால் மின்காந்த அலைகளைக் கடத்தும் குழாயாகவும் பயன்படும்.

இழைக்கு எந்த வெப்பம் பொறுக்கும் என்று அறிவதே இத்தொழிலின் பாதி. மீதிப் பாதி, விலை!