ஓல்டு ஃபேஷன்ட் காக்டெயில்: வீட்டில் கலக்க எந்த விஸ்கி வாங்கணும்?

மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ். 1806-ல் அமெரிக்காவின் ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று காக்டெயிலுக்குத் தந்த விளக்கம் இது. ஓல்டு ஃபேஷன்ட் இன்றும் இதே நாலு பொருள்தான். ஜூஸ், சோடா கிடையாது. அதனால் விஸ்கி சுமாராக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

எந்த விஸ்கி?

போர்பன்: குறைந்தது 51% மக்காச்சோளம். இனிப்பு தூக்கலா இருக்கும், சர்க்கரையைக் குறைக்கலாம்.

அமெரிக்க ரை: குறைந்தது 51% ரை தானியம். காரம் அதிகம்.

அளவு என்ன?

விஸ்கி 45 மி.லி., சர்க்கரைக் கட்டி ஒன்று, சில சொட்டு பிட்டர்ஸ், கொஞ்சம் தண்ணீர்.

ஐஸ்: பெரிய கட்டியே நல்லது, மெதுவாகக் கரையும்.

ஆரஞ்சு: தோல் மட்டும் போதும். வாசனை அதில்தான்.

கவனம்: இனிப்பா இருக்கேன்னு ஏமாற வேண்டாம். உள்ளே இருப்பது முழு விஸ்கி. குடித்தால் வண்டி எடுக்காதீங்க.