ஈரமும் பதமும்: வட சிலாங்கூர் மண்ணின் வரலாறு

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தின் பெயரைக் கேட்போர், அது தென்னைக்குப் பெயர்பெற்ற இடம் என்றே எண்ணுவர். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்குதான் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது. பெயர் தமிழாக நிற்க, பயிர் வேறாயிற்று. பின்வந்த காலத்தில் இவ்வட்டாரத்து மண்ணின் ஈரமும் மாறியது. அதனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஈரம் என்பது அளவு. பதம் என்பது நிலை. மண் பதமாயிற்று என்னும் உழவர், எத்தனை நீர் உள்ளது என்று சொல்வதில்லை. அந்நீர் எதற்கு உதவும் என்பதைச் சொல்கிறார். வானிலை அறிஞர்க்கும் இவ்வேறுபாடு தேவைப்பட்டது. நிலம் ஏற்கும் கதிராற்றல் நீரை ஆவியாக்கும், காற்றைச் சூடேற்றும், எஞ்சியது மண்ணுள் இறங்கும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். நீர் கிட்டாதபோது அவ்வாற்றலின் பெரும்பகுதி காற்றையே சுடும். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுவதும் இதற்கு அணித்தே. எனினும் இளங்கோவடிகளை இயற்பியலாராக்கும் ஆவல் நமக்கில்லை.

பின்னாளில், 2021இல், நோபல் பரிசு பெற்ற சியூக்குரோ மனாபே, 1969இல் தம் தட்பவெப்பக் கணிப்பு மாதிரியில் நிலத்தை ஒரு வாளியாகக் கொண்டார். அதன் கொள்ளளவு 15 செ.மீ. நீர். முக்கால் வாளி இருந்தால் ஆவியாதல் தடையின்றி நிகழும், அதனிற் குறைந்தால் அதற்கேற்பத் தாழும், நிரம்பினால் வழியும். உலகம் முழுமைக்கும் ஒரே வாளி! இலைத்துளைகளும் வேர்களும் 1980களின் மாதிரிகளிலேதான் இடம்பெற்றன.

இவ்வாளி வட சிலாங்கூருக்குப் பொருந்துமா? மழை மிகுந்த இந்நாட்டில் ஆவியாதலைப் பெரிதும் வரையறுப்பது கதிரவனே, ஈரமன்று. ஆயினும் மலாய் மொழி கம்புட் என்னும் சதுப்பு மண்ணின் கதை வேறு. முற்றும் மக்காத தாவர எச்சங்களால் ஆன அம்மண்ணில் நீர்மட்டம் இயல்பாகத் தரையை ஒட்டி நிற்கும். வாய்க்கால் வெட்டுவது வாளியின் பக்கத்தில் துளையிடுவதற்கு ஒப்பாகும். உலர்ந்த கம்புட் வெப்பத்தை எளிதில் கீழே கடத்தாது. ஆகவே மேற்பரப்பு கொதிக்கும். நிலமும் ஆண்டுதோறும் தாழும். பொறி விழுந்தால் தீ மண்ணுக்குள்ளேயே கனன்று பரவும்.

1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் பெர்ணம் ஆற்று நீரை நெல்வயல்களுக்குக் கொணர்ந்தது. அவ்வயல்களுக்குக் கிழக்கே சதுப்புக் காடு. அக்காட்டில் வெட்டுமரங்களைக் கொண்டுசெல்லத் தோண்டிய வாய்க்கால்கள், மரம் தீர்ந்த பின்னும் நீரை வடித்துக்கொண்டிருந்தன.

2005 ஆகஸ்ட் 11 அன்று காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடந்தமையால் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அப்புகை பெரும்பாலும் சுமத்திராவினின்று வந்தது. ஆனால் அண்டையிலுள்ள ராஜா மூசா காப்புக்காடும் எரிந்த வரலாறு உடையதே. வெளியில் உழைப்போரின் மூச்சுக்குப் புகையின் பிறப்பிடம் ஒரு பொருட்டன்று. 2008 முதல் ராஜா மூசாவில் பழைய வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் பணி நடைபெறுகிறது. உலகளாவிய கணிப்பு மாதிரிகள் பலவற்றில் அவ்வடைப்புகளுக்கு மட்டுமன்று, அவ்வாய்க்கால்களுக்கே இடமில்லை.